அடியில் 'ஹாங்காங்' என்று இருந்தால் டூப்ளிகேட்டா?

கேள்வி, 4 மார்ச் 2023

அண்ணா, அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். தூத்துக்குடி வீட்டுப் பரணில் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது 43 பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் கிடைத்தார்கள். பாதிக்கு மேல் அடியில் 'மேட் இன் ஹாங்காங்' என்று இருக்கிறது, மீதியில் ஒன்றுமே இல்லை. நெட்டில் பார்த்தால் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பழைய பொம்மைகள் மாதிரியே தெரிகின்றன. கூடவே பெயின்ட் அடித்த சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன். துப்பாக்கி முனை உடைந்தவன் என்பதால் அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதெல்லாம் அசலா? விற்றால் என்ன தேறும்?

பதில், 4 மார்ச், இரவு

ஹாங்காங் என்று போட்டிருந்தால் டூப்ளிகேட். அதோடு கதை முடிந்தது. ஒன்றும் போடாதவையும் டூப்ளிகேட்தான், கம்பெனி பெயரைச் சுரண்டிவிட்டு அச்சு எடுத்திருப்பார்கள். ஏர்ஃபிக்ஸ் இங்கிலாந்துக் கம்பெனி. அசலா என்று பார்க்க ஒரு வழி, ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள். அசல் மிதக்கும், நகல் மூழ்கும். விலையெல்லாம் கேட்காதீர்கள், எடைக்குப் போட்டால் ஒரு டீ குடிக்கலாம்.

5 மார்ச், காலை

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் விஷயம் தப்பு.

மிதப்பதும் மூழ்குவதும் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் காட்டும். அசலா நகலா என்று காட்டாது. பாலித்தீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பி.வி.சி.யும் பாலிஸ்டைரினும் மூழ்கும். ஏர்ஃபிக்ஸ் சிப்பாய்கள் பாலித்தீன். அதைப் பார்த்து ஹாங்காங்கில் செய்தவையும் பெரும்பாலும் பாலித்தீன். ஆக இரண்டும் மிதக்கும். மூழ்கினால் அது பழைய ஏர்ஃபிக்ஸ் சிப்பாய் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். மிதந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பாலித்தீன் 1933-ல் இங்கிலாந்தில், ஐ.சி.ஐ. கம்பெனியின் வின்னிங்டன் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள். போர்க்காலத்தில் ரேடார் கேபிள்களுக்கு உறை போட்டார்கள். போர் முடிந்த பிறகுதான் வாளியாகவும் பொம்மையாகவும் வந்தது. ரேடாருக்குப் போனதே பிறகு சிப்பாயானது என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

5 மார்ச், மத்தியானம்

நகல் எப்படிச் செய்தார்கள், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும்.

முறையாகச் செய்கிற கம்பெனியில் ஒரு சிற்பி மூல உருவம் செய்வார். அதைவைத்து எஃகு அச்சு வெட்டும்போதே, பிளாஸ்டிக் ஆறினால் சுருங்கும் என்று தெரிந்து அச்சைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுவார்கள். பாலித்தீன் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். நகல் போடுகிறவனுக்குச் சிற்பி தேவையில்லை. கடையில் ஒரு பாக்கெட் வாங்குகிறான், அந்தப் பொம்மையையே மூலமாக வைத்து அச்சு எடுக்கிறான். பெரிதாக்கும் வேலையையும் விட்டுவிடுவான். அதனால் அவனுடைய பொம்மை அசலைவிடச் சின்னதாக வரும். அந்த நகலை இன்னொருவன் வாங்கி நகல் எடுத்தால் இன்னும் சின்னது. 54 மில்லிமீட்டர் சிப்பாய், ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு இரண்டு சுருங்கினால், மூன்றாவது தலைமுறையில் ஏறக்குறைய 51. வம்சம் தேய்ந்து போவது என்பது இதுதான்.

அளவு மட்டும் தேய்வதில்லை. என் மேசையில் ஒரே மாதிரி மூன்று பேர் நிற்கிறார்கள். குண்டு எறிகிறவர்கள், கை பின்னால் போயிருக்கிறது. முதல் ஆளின் ஹெல்மெட்டில் வலைக் கோடுகள் எண்ணுகிற அளவுக்குத் தெளிவு. இரண்டாமவனுக்கு அது வழுக்கை. முதல் ஆளின் கையில் இருப்பது கையெறி குண்டு, இரண்டாமவன் கையில் உருளைக்கிழங்கு, மூன்றாமவன் கையில் என்ன என்று சொல்ல முடியாது, முஷ்டியே வீங்கினது மாதிரி இருக்கிறது. முதல் ஆளின் இடது கைக்கும் உடம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். மற்ற இருவருக்கும் அந்த இடைவெளி பிளாஸ்டிக்கால் அடைத்திருக்கிறது. இரண்டு பாதி அச்சில் பொம்மை சிக்காமல் வெளியே வரவேண்டுமே, சிக்குகிற இடத்தையெல்லாம் நிரப்பிவிட்டால் வேலை சுலபம். துப்பாக்கி விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும் பாருங்கள், நகலில் முதலில் மூடிப்போவது அதுதான்.

அப்புறம் அடித்தட்டைப் பாருங்கள். கம்பெனி பெயரைத் தேய்த்து எடுத்த இடம் சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாக, லேசாகக் குழிந்து இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். எழுத்தே இல்லாத சிப்பாயில் நான் முதலில் தேடுவது அந்த வழவழப்பைத்தான்.

8 மார்ச்

தம்பி 43 பேரையும் உயரம் அளந்து பட்டியல் போட்டிருக்கிறார். பொறுமைக்குப் பாராட்டு, ஆனால் வீண் வேலை, நான்தான் சரியாகச் சொல்லவில்லை. ஒருவன் குனிந்திருப்பான், ஒருவன் முட்டி போட்டிருப்பான், ஒருவனுக்குக் கணுக்கால் வளைந்திருக்கும். உயரத்தை விடுங்கள். ஒரே மாதிரி நிற்கிற இரண்டு பேரை எடுத்து அடித்தட்டின் நீளத்தை அளங்கள். தட்டு குனியாது.

11 மார்ச்

இன்னொரு திருத்தம், பெரிய திருத்தம். 'ஹாங்காங் என்றால் டூப்ளிகேட்' என்று முதல் நாள் அடித்துச் சொன்னேனே, அதுவே தப்பு.

பிரிட்டன்ஸ் என்று லண்டன் கம்பெனி. 1893-ல் உள்ளே வெற்றாக இருக்கும் ஈயச் சிப்பாயை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தவர்கள். 54 மில்லிமீட்டர் என்ற அளவே அவர்களால் வந்தது, அந்தக் காலத்து ஒரு பொம்மை ரயிலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று வைத்தது. அவர்கள் பிளாஸ்டிக்குக்கு வந்த வழி ஹெரால்டு. அது தனிப் பெயரில் இருந்த பிளாஸ்டிக் சிப்பாய்கள், அதன் சிற்பி ராய் செல்வின்-ஸ்மித். 1959-ல் ஹெரால்டு முழுக்கப் பிரிட்டன்ஸ் கைக்கு வந்தது. 1966-ல் ஈய பொம்மை செய்வதையே நிறுத்தினார்கள். அதே வாக்கில் ஹெரால்டு தயாரிப்பை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? ஹாங்காங்குக்கு.

அதாவது அடியில் 'ஹாங்காங்' என்று எழுதிய முழு அசல் உண்டு. கம்பெனியே தன் அச்சை அனுப்பிச் செய்து வாங்கியது. ஹாங்காங் என்பது ஊர்ப் பெயர், குற்றப் பத்திரிகை இல்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும் முதல் நாள் ஏன் அப்படி எழுதினேன் என்றால், சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குக் கேள்வி கேட்டால் அப்படித்தான் பதில் வரும்.

அந்தக் காலத்தில் ஹாங்காங் பொம்மை என்றால் மட்டம் என்று இங்கிலாந்தில் ஒரு எண்ணம். அதனால் சில சரக்குகளில் ஊர்ப் பெயரையே போடாமல் 'எம்பயர் மேட்' என்று மட்டும் அச்சடித்தார்கள். பிரிட்டிஷ் பேரரசில் செய்தது என்று அர்த்தம், ஹாங்காங் அப்போது அதில்தான் இருந்தது. பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. உங்களுடையதில் அப்படி எழுத்து இருந்தால் சொல்லுங்கள், எனக்கு அவை பிடிக்கும்.

தம்பி, அந்தச் சிவப்புச் சட்டைக்காரனின் அடியைப் படம் எடுத்துப் போடுங்கள். கரடித்தோல் தொப்பி வைத்திருக்கிறானா?

12 மார்ச்

ஐயோ. பெயின்ட் அடித்ததைத் தண்ணீரில் போடாதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

பாலித்தீன் மெழுகு மாதிரி, எதுவும் அதில் சரியாக ஒட்டாது. இத்தனை வருடம் ஆன பெயின்ட் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே போனால் தோல் மாதிரி உரியும். உங்கள் ஆளுக்கு இடது தோளில் ஒரு நகக்கண் அளவு போயிருக்கிறது என்கிறீர்கள். இனிமேல் துடைக்காதீர்கள், காற்றில் காயட்டும். அந்தச் செதிலைத் தூக்கிப் போடாமல் ஒரு தாளில் மடித்து வையுங்கள். தப்பு முழுக்க என்னுடையது.

படம் பார்த்தேன். அடியில் இரண்டு சொற்கள் தெரிகின்றன. ஒன்று ஹாங்காங், மற்றது ஹெரால்டு. கணக்கில் சேர்க்காத ஆள்தான் கூட்டத்திலேயே அசல்!

19 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை, இங்கிலாந்தில் நான் இருக்கும் கவென்ட்ரியில் வேறு என்ன இருக்கும். பழைய ஞாபகம்.

1978-ல் எங்கள் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்தபோது ஒரு பாலித்தீன் பையில் சிப்பாய்கள் கொண்டுவந்தார். மேலே ஒரு அட்டை, அதில் டாங்கியும் தீயும். பையைத் திறந்ததும் வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. பச்சை ஒரு கட்சி, சாம்பல் ஒரு கட்சி. ஆனால் இரண்டு கட்சியிலும் அதே ஆட்கள், அதே ஹெல்மெட், அதே முகம். தன்னையே தான் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதில் அது எங்களுக்கு உறுத்தவில்லை. கண்ணிவெடி தேடுகிறவனை யாரும் தன் கட்சியில் எடுக்கமாட்டார்கள், கையில் துப்பாக்கி இல்லையே. அவனை அம்மா எடுத்துக்கொண்டாள்.

நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே பார்க் போடுவோம். மண்ணைக் கொட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டு வைத்துக் குளம். அந்தக் குளக்கரையில் கண்ணிவெடிக்காரன் நிற்பான், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனாக. பார்க்க அப்படித்தான் இருந்தான். பஜூக்கா என்ற ராக்கெட் குழாய் வைத்திருந்தவன் நாதஸ்வரக்காரன் ஆகி, செட்டியார் பொம்மையின் கடைக்கு முன்னால் வாசித்தான். சுண்டல் வாங்க வந்த மாமி ஒருத்தி 'யாருடி இது, குனிஞ்சு வாசிக்கறான்' என்று கேட்டது எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஓடியது.

எல்லாம் நகல்தான். நகலின் நகலாகக்கூட இருக்கலாம். ஒருத்தனும் மிஞ்சவில்லை.

25 மார்ச்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

என்னிடம் ஏர்ஃபிக்ஸ் பாராசூட் படை வீரன் ஒருவன் இருக்கிறான், அல்லது இருந்தான். ஸ்டென் துப்பாக்கி, தலையில் பெரே தொப்பி. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பழம்பொருள் கடையில், அசல் என்று சொல்லி, நல்ல விலைக்குத் தந்தார்கள். கண்ணாடி அலமாரியில் நடு நாயகமாக வைத்திருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் 'அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் பாருங்கள்' என்று அவனைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

உங்களுக்கெல்லாம் அடித்தட்டை அளக்கச் சொன்ன பிறகு, நாம் ஒரு தடவைகூட அளக்கவில்லையே என்று தோன்றியது. பெட்டியோடு முழு செட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வெர்னியர் அளவுகோலையும் இவனையும் எடுத்துக்கொண்டு போனேன். அவருடையவனின் அடித்தட்டு 25 மில்லிமீட்டர். என்னுடையது 24.2.

மறுபடியும் அளந்தேன். நண்பர் அளந்தார். அவர் மனைவியும் அளந்தார். 24.2.

அப்புறம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் அந்த வழவழப்பு. இருபது வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஸ்டென்னின் தோட்டாக் கூடு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருக்கவேண்டும், இவனுக்கு ஒரு மொட்டை. அதை 'உடைந்தது' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

அலமாரியில் அவனை அதே இடத்தில் திருப்பி வைத்துவிட்டேன். கொஞ்சம் பின்வரிசையில்.

2 ஏப்ரல்

'நகல் என்றால் திருட்டு, அதைச் சேகரிப்பதே அசிங்கம்' என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். திருட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் யார் யாரிடம் திருடினார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும்.

ஏர்ஃபிக்ஸை 1939-ல் தொடங்கியவர் நிக்கோலஸ் கோவ், ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்தவர். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மை, அப்புறம் சீப்பு. சிறிய அளவுச் சிப்பாய்கள் 1959-ல்தான் வந்தன. அதற்கு முன்னால், 1953-ல், அவர்களுடைய முதல் விமான மாடலாக ஒரு ஸ்பிட்ஃபயர் வந்தது. அது அமெரிக்காவின் அரோரா கம்பெனி மாடலைச் சின்னதாக்கிய நகல். அரோராவின் முதல் மாடல்கள் ஹாக் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் நகல். ஹாங்காங்காரன் ஏர்ஃபிக்ஸை நகல் எடுத்தான் என்று கோபப்படுகிறோம், சரி. ஹாக் கம்பெனிக்காரர் வந்து நம் விவாத இழையைப் படித்தால் என்ன சொல்வார்?

(நகல் பயம் பிளாஸ்டிக்கோடு வந்ததும் இல்லை. 1900 வாக்கிலேயே பிரிட்டன்ஸ் தன் ஈயச் சிப்பாய்களின் அடியில் உரிமை எங்களுடையது என்று சின்னக் காகிதம் ஒட்டி அனுப்பியது.)

இன்னொரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவின் மார்க்ஸ் என்ற பொம்மைக் கம்பெனியை 1972-ல் குவேக்கர் ஓட்ஸ் வாங்கியது. ஆமாம், அதே ஓட்ஸ்தான். 1976-ல் ஒரு இங்கிலாந்துக் கம்பெனிக்கு விற்றது, 1980 வாக்கில் எல்லாம் திவால். அச்சுகள் கைமாறிப் போயின. பிறகு வேறு ஆட்கள் அதே அச்சில் புதுப் பிளாஸ்டிக்கை ஊற்றி விற்றார்கள். அச்சு அசல், அளவும் அசல், ஒரு கோடுகூடத் தேயவில்லை. ஆனால் செய்தது 1990-களில். அதை என்னவென்று சொல்வீர்கள்? எனக்குப் பதில் தெரியாது. வாங்குவேன், ஆனால் பழைய விலை கொடுக்கமாட்டேன்.

3 ஏப்ரல்

நேற்று எழுதியதில் ஒரு வார்த்தை கூட்டிக்கொள்ளுங்கள். 'திருட்டு' என்று சொல்லும்போது கம்பெனியைச் சொல்கிறோம். அந்தத் தொழிற்சாலையில் அச்சிலிருந்து பொம்மையைப் பிய்த்து, பிசிறு அறுத்த கைகளுக்கு அது ஏர்ஃபிக்ஸா வேறா என்று என்ன தெரியும்.

16 ஏப்ரல்

இன்று இந்த வருடத்தின் முதல் கார் பூட் சேல். வயலில் கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாததையெல்லாம் விற்பார்கள். நம்மூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் காயலான் கடையும் சேர்ந்தது மாதிரி.

ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய சிப்பாய்கள், மூன்று பவுண்டு. ஆசையாகக் கையை விட்டேன். சரக் சரக் என்று சத்தம். கையை எடுத்தால் துப்பாக்கிகளும் கால்களும் விரல்களில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பழைய பாலித்தீன் வெயிலிலும் காற்றிலும் வருடக்கணக்காக இருந்தால் இப்படித்தான், வளைய வேண்டியது அப்பளம் மாதிரி நொறுங்கும். முதலில் கணுக்கால், அப்புறம் துப்பாக்கி முனை. இதற்கு மருந்து கிடையாது. விற்ற பாட்டி, 'என் பையனுடையது, ஜன்னலோரமே வைத்திருந்தான்' என்றார். அதுதான் காரணம் என்று அவரிடம் சொல்லவில்லை. மூன்று பவுண்டு கொடுத்து வாங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

தேறினது நான்கு. நால்வரில் இருவருக்குத் துப்பாக்கி கோணல். நொறுங்காத பிளாஸ்டிக்காக இருந்தால் கோணலை நிமிர்த்தலாம். காபி சூட்டில் தண்ணீர், அரை நிமிடம் முக்கி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீர். பிடித்த பிடியில் நிற்கும். ஒரு வாரத்தில் பழைய கோணலுக்குக் கொஞ்சம் திரும்பும், மறுபடி செய்யவேண்டும். (பெயின்ட் அடித்ததை முக்காதீர்கள். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.)

17 ஏப்ரல்

'அமெரிக்க காமிக்ஸ் புத்தகங்களின் பின்னட்டையில் 100 சிப்பாய் ஒன்றேகால் டாலர் என்று விளம்பரம் வருமே, அவை கிடைக்குமா' என்ற கேள்விக்கு: கிடைக்கும், ஆனால் ஏமாந்து போவீர்கள். படத்தில் பெரிய போர்க்களம், பார்சலில் வந்தவை அப்பளத் தட்டையான உருவங்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஆளே இல்லை. அந்த ஏமாற்றத்தை ஞாபகத்துக்காகவே இன்று வாங்குகிற அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். நான் வாங்கமாட்டேன், எனக்கு என் சொந்த ஏமாற்றங்கள் போதும்.

பச்சைச் சிப்பாய்க்கு அங்கே மரியாதை உண்டு. 2014-ல் அவர்களுடைய தேசியப் பொம்மைப் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். 2019-ல் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி, 'ஏன் பெண் சிப்பாய்கள் இல்லை' என்று பொம்மைக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினாள். பென்சில்வேனியாவின் பி.எம்.சி. என்ற சின்னக் கம்பெனி செய்து கொடுத்தது. அதில் ஒரு பாக்கெட் வாங்கி என் மகளுக்குக் கொடுத்தேன். அவளுக்கு வயது 24, 'தேங்க்ஸ் அப்பா' என்று அலமாரியில் வைத்துவிட்டாள்.

23 ஏப்ரல்

விலை கேட்டு ஆரம்பித்த இழை, விலையைத் தவிர எல்லாம் பேசியாகிவிட்டது. பச்சை 43 பேரையும் மொத்தமாக இங்கே கொண்டுவந்தால் ஐந்து பவுண்டு கிடைத்தால் அதிகம், தபால் செலவே அதற்கு மேல். சிவப்புச் சட்டைக்காரன் முனை உடையாமல், தோள் உரியாமல் இருந்திருந்தாலும் பெரிய தொகை இல்லை, நிறையச் செய்து விற்ற உருவம் அது. ஆக, நான் அவனுக்குச் செய்த சேதத்தின் மதிப்பு ஒரு நல்ல பிரியாணி. ஊருக்கு வரும்போது கழித்துவிடுகிறேன்.

தம்பி விற்கப் போவதில்லையாம். அப்பாவிடம் கேட்டுச் சொன்னதை இங்கே எழுதுகிறேன், அவர் சரி என்று சொல்லிவிட்டார். பச்சை ஆட்களை ஹாங்காங் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாங்கினாராம், கரையிலேயே பையோடு விற்றார்கள். சிவப்புச் சட்டைக்காரனை மட்டும் அங்கே வாங்கவில்லை. அவனை வாங்கியது லண்டன் பக்கம் டில்பரி துறைமுகத்தில், இங்கிலாந்து ஞாபகமாக இருக்கட்டும் என்று. அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத் திருப்பிப் பார்க்கவில்லை. போன வாரம் மகன் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, 'அடப்பாவி, நீயும் நம்ம கப்பல்லதான் வந்தியா' என்றாராம்.